எஸ்எம்பிஎஸ் ஃபேன் மேலேயா, கீழேயா? மூன்று கேபினட்களை வைத்து ஒரு அலசல்

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். புதிதாக வாங்கியதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் எழும் முதல் சந்தேகம், ஃபேன் மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்பதுதான். சுருக்கமான பதில்: எந்தப் பக்கம் வெளிக்காற்று தடையில்லாமல், வடிகட்டப்பட்டு வருகிறதோ அந்தப் பக்கம். கேபினட்டின் அடித்தகட்டில் துளையும் அதன் கீழே ஃபில்டரும் இருந்தால் கீழே பார்க்கட்டும். அடி மூடியிருந்தால் மேலே பார்க்கட்டும். இதில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

வாக்குவாதம் வர வேண்டிய இடம் வேறு. எஸ்எம்பிஎஸ் என்பது 150 மிமீ அகலமும் 86 மிமீ உயரமும் குறைந்தது 140 மிமீ நீளமும் உள்ள இரும்புக்கட்டி. அது கேபினட்டில் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு மூன்று ஃபேன்களுக்கான இடத்தை விழுங்கிவிடும். எந்த இடத்தை விழுங்குகிறது என்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைத் தீர்மானிக்கிறது. ஃபேன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்தப் பிரச்சினை.

இதைப் பிரித்துக் காட்ட மூன்று கேபினட்கள் போதும். 2020-இல் வந்த கோர்செயர் 4000டி ஏர்ஃப்ளோவில் எஸ்எம்பிஎஸ் அடியில், தகட்டு மறைப்புக்குள் இருக்கிறது. 2018-இல் வந்த லியான் லி ஓ11 டைனமிக்கில் மதர்போர்டுக்குப் பின்னால் தனி அறை. 2021-இல் வந்த ஃபிராக்டல் டிசைன் டோரண்டில் உச்சியில். மூன்றும் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. புதிதாக வரும் பல மாடல்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் வழியில்தான் போகின்றன.

முதலில் கணக்கு

எஸ்எம்பிஎஸ் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்று தெரியாமல் திசையைப் பற்றிப் பேசுவது வீண். 80 பிளஸ் கோல்டு என்ற மின்திறன் தரச்சான்று உள்ள யூனிட் பாதி லோடில் சுமார் 90 சதவீதத் திறனில் ஓடும். கேம் ஓடும்போது பிராசஸரும் கார்டும் மற்றதும் சேர்த்து 500 வாட் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து சுமார் 556 வாட் இழுக்கப்படும். மிச்சமான 56 வாட்தான் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வெப்பமாக மாறுகிறது. அந்த 500 வாட்டோ மொத்தமும் கேபினட்டுக்குள் வெப்பமாகக் கொட்டுகிறது. ஆக எஸ்எம்பிஎஸ்ஸின் பங்கு பத்தில் ஒன்று.

இந்த வெப்பத்தை வெளியே எடுத்துப் போவது காற்று. நிமிடத்துக்கு 50 கன அடி காற்று கேபினட் வழியாகப் போனால், ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் ஏறக்குறைய 28 வாட்டைச் சுமந்துகொண்டு போகும். 500 வாட்டுக்கு அந்த அளவு காற்று மட்டும் என்றால் உள்ளே சராசரியாக 18 டிகிரி ஏறும். காற்றை இரண்டு மடங்காக்கினால் 9 டிகிரிதான். கேபினட் ஃபேன்களுக்குச் செலவழிப்பது ஏன் பலன் தருகிறது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். அதன் ஃபேன் மெதுவாகச் சுற்றி 20 கன அடி இழுக்கிறது என்று வைத்தால், 56 வாட்டுக்குக் காற்று 5 டிகிரி சூடேறி வெளியே வரும். அறை 30 டிகிரி என்றால், கீழிருந்து இழுக்கும் யூனிட்டுக்கு 30 டிகிரி காற்று உள்ளே போய் 35-இல் வெளியேறும். அதே யூனிட் கார்டுக்கு அடியிலிருந்து 45 டிகிரி காற்றை இழுத்தால் 50-இல் வெளியேறும். பதினைந்து டிகிரி வித்தியாசம். இது கார்டுக்கு ஒன்றும் செய்யாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்குத்தான் வினை. அவற்றின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. நல்ல யூனிட்டில் 105 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் நாளைக்கே புகையாது. ஆனால் ஓட வேண்டிய காலம் முழுக்க ஓடாமல் பாதியிலேயே தள்ளாட ஆரம்பிக்கும். அதற்கு முன்னாலேயே இன்னொன்று காதில் விழும்: சூடான காற்றை இழுக்கும் யூனிட் தன் ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும். இரைச்சல் கூடும்.

கோர்செயர் 4000டி ஏர்ஃப்ளோ: பழகிய அமைப்பு, சரியாகச் செய்தது

453 x 230 x 466 மிமீ. முன்பக்கம் முழுக்கத் துளையிட்ட இரும்புத் தகடு, அதன் பின்னால் கழற்றக்கூடிய ஃபில்டர். முன்னால் மூன்று 120 அல்லது இரண்டு 140 மிமீ ஃபேன் மாட்டலாம். கார்டு 360 மிமீ நீளம் வரை, பிராசஸர் கூலர் 170 மிமீ உயரம் வரை. கூடவே வருவது இரண்டு 120 மிமீ ஃபேன்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

எஸ்எம்பிஎஸ் அடியில், மறைப்புக்குள் போகிறது. அடித்தகட்டில் அதற்கென்று துளைகள், கீழே பின்பக்கமாக இழுத்தெடுக்கும் ஃபில்டர். இங்கே ஃபேன் கீழே பார்ப்பதுதான் முறை. அப்படி வைத்தால் எஸ்எம்பிஎஸ் தனக்கென்று ஒரு காற்றுப்பாதையை வைத்துக்கொள்கிறது: தரையிலிருந்து உள்ளே, பின்பக்கம் வெளியே. கார்டு எவ்வளவு சூடானாலும் இதற்குக் கவலையில்லை. இது எவ்வளவு சூடானாலும் கார்டுக்குத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பின மாதிரி.

மேலே பார்க்க வைத்தால் என்ன கெட்டுப்போகும்? மறைப்பின் கூரைக்கும் ஃபேனுக்கும் நடுவே விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்கும். அந்தச் சந்தில் திரும்பித்தான் காற்று உள்ளே போக வேண்டும். ஃபேன் முக்கி முனகி இழுக்கும், சத்தம் மட்டும் பெரிதாக வரும். இன்னொரு விளைவைப் பலர் யோசிப்பதில்லை. இந்தக் கேபினட்டோடு வரும் ஃபேன்கள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சமமாக இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸும் உள்காற்றை இழுத்து வெளியே தள்ளத் தொடங்கினால், வெளியேறும் பக்கம் ஓங்கிவிடும். குறையும் காற்று எங்கிருந்து வரும்? பின்னால் உள்ள ஸ்லாட் மூடிகளின் இடுக்கு, பக்கக் கதவின் விளிம்பு, யுஎஸ்பி துளைகள் என்று ஃபில்டரே இல்லாத வழிகளெல்லாம் திறந்துகொள்ளும். மூன்று மாதம் கழித்துக் கதவைத் திறந்தால், முன் ஃபில்டர் சுத்தமாகவும் பின் ஸ்லாட்டுகளின் ஓரம் சாம்பல் நிறக் கோடாகவும் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு என்று படித்துவிடலாம்.

மேலே பார்த்தால் கார்டின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகுமே என்று ஒரு வாதம் உண்டு. போகும். கிடைப்பது ஓரிரு டிகிரி. அதே பலனை முன்னால் இன்னொரு 120 மிமீ ஃபேன் சேர்த்தால் தாராளமாகப் பெறலாம், எஸ்எம்பிஎஸ்ஸைப் பலிகொடுக்காமல். 4000டி வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையே இதுதான். முன்னால் காலியாக இருக்கும் இரண்டு இடத்தையும் நிரப்புங்கள். 300 வாட்டுக்கு மேல் தின்னும் கார்டுக்கு ஒற்றை முன் ஃபேன் எட்டாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃபில்டர் பின்பக்கமாக வருவதால், மேசைக்கு அடியில் சுவரோரம் வைத்திருப்பவர்கள் அதை எடுக்கக் கேபினட்டையே வெளியே இழுக்க வேண்டும். விளைவு, யாரும் எடுப்பதில்லை. அடி ஃபில்டர்தான் கேபினட்டிலேயே தரைக்கு மிக அருகில் இருப்பது, ஆகவே முதலில் அடைபடுவதும் அதுதான். மறைப்புக்குள் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் கூடு ஒன்று இருக்கிறது. 140 மிமீ எஸ்எம்பிஎஸ் என்றால் இரண்டுக்கும் நடுவே கேபிள்களைத் திணிக்க இடம் உண்டு. 160, 180 மிமீ யூனிட் என்றால் கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் இணைப்பிகள் நேராகக் கூட்டின் மேல் முட்டும். 3.5 அங்குல டிஸ்க் இல்லாதவர்கள் கூட்டைக் கழற்றி ஓரம் வைத்துவிடலாம்.

கால்களின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். எந்தக் கேபினட் ஆனாலும் அடித்துளைக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் கீழே பார்க்க வைப்பதில் அர்த்தமில்லை. கம்பளத்தின் மேல் வைத்தால் கால்கள் அமுங்கி அந்த இடைவெளியும் காணாமல் போகும். அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. அடியில் ஒரு பலகை போட்டால் முடிந்தது.

சுற்றாத ஃபேன்

இங்கே ஒரு விதிவிலக்கு. இப்போது வரும் நல்ல யூனிட்களில் பல, லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தியே வைக்கின்றன. சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் வரிசையில் இதற்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி இந்த வசதியை வேண்டும் வேண்டாம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே சர்க்யூட் போர்டு ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். ஃபேன் கீழே பார்த்தால் போர்டு மேலே போய், பாகங்கள் எல்லாம் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கும். ஃபேன் சுற்றும்வரை இதில் ஒரு குறையும் இல்லை, காற்று தள்ளப்படும் திசையில் போய்விடும். ஃபேன் நின்றிருக்கும்போது மட்டும் சூடான காற்று மேலே ஏறப் பார்த்து, போர்டுக்கு அடியிலேயே தேங்கும். மேலே பார்த்திருந்தால் ஃபேன் வலை வழியாகத் தானாகவே ஏறிப் போயிருக்கும்.

சூடான காற்று மேலே போகும் என்ற பள்ளிக்கூடப் பாடம் கேபினட்டுக்குள் செல்லுபடியாகும் ஒரே இடம் இதுதான். ஃபேன் சுற்றும் இடங்களில் எல்லாம் அந்த இயற்கை ஏற்றம் கணக்கிலேயே வராத அளவு பலவீனமானது. ஆகவே நடைமுறையில்: கீழே பார்க்கும் யூனிட்டில் ஃபேன் நிறுத்தும் பொத்தானை அணைத்துவிடுங்கள். குறைந்த வேகத்தில் எப்போதும் சுற்றட்டும். அந்தச் சத்தம் கேபினட் ஃபேன்களுக்கு மேல் கேட்கப்போவதில்லை. பொத்தானே இல்லாத யூனிட் என்றால் பயப்படவும் வேண்டாம், உள்ளே சூடேறினால் ஃபேன் தானே கிளம்பும். அடிக்கடி கிளம்பி நின்று கிளம்பும் அந்தச் சீற்றம்தான் சிலருக்கு எரிச்சல். சீசானிக் பிரைம் டிஎக்ஸ்-700 போல ஃபேனே இல்லாத யூனிட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் பேச்சே கிடையாது. துளைப்பக்கம் மேலே, அதற்கும் மேலே மூடாத இடம். 4000டி மாதிரி மறைப்பு உள்ள கேபினட் அதற்குப் பொருந்தாது.

லியான் லி ஓ11 டைனமிக்: அடியை விடுவித்த கேபினட்

பிராசஸரை அதன் வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக்கிங் உலகில் டெர்8அவர் என்று அறியப்படுபவரோடு சேர்ந்து லியான் லி வடிவமைத்தது. முன்னாலும் இடப்பக்கமும் கண்ணாடி. அகலம் 272 மிமீ, 4000டியைவிட நான்கு செ.மீ. கூடுதல். அந்தக் கூடுதல் அகலம்தான் பின் அறை. எஸ்எம்பிஎஸ் அங்கே பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே இங்கே மேலே, கீழே என்ற கேள்வி இல்லை. ஃபேன் வலப்பக்கக் கதவைப் பார்க்கிறதா, மதர்போர்டுத் தகட்டைப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி.

கதவைப் பார்க்கட்டும். கதவில் துளைகள் இருக்கின்றன. உள்பக்கம் திருப்பினால் ஃபேனுக்கு எதிரே இருப்பது ஒரு வெற்றுத் தகடும், அதன் மேல் ஓடும் கேபிள் கற்றையும். மெல்லிய சாட்டா கேபிள் ஒன்று தளர்ந்து ஃபேன் வலைக்குள் நுனியை நுழைத்தால் டர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு எஸ்எம்பிஎஸ் பழுது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. உண்மையில் பழுது ஒரு கேபிள் டையின் வெட்டாத வால். டை போட்டதும் வாலை ஒட்ட வெட்டுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பின்னால் போய்விட்டதால் கேபினட்டின் அடி முழுக்கக் காலி. மூன்று 120 மிமீ ஃபேன் அங்கே வரிசையாக உட்காருகின்றன, நேரே மேலே கிராஃபிக்ஸ் கார்டு. கார்டின் ஃபேன்கள் கீழிருந்துதான் காற்றை இழுக்கின்றன என்பதால், அறைக் காற்றை வாய்க்கு நேரே ஊட்டுவது போல இது. பக்கத்தில் மூன்று, மேலே மூன்று, மொத்தம் ஒன்பது ஃபேன். அடியும் பக்கமும் உள்ளே, மேல் வரிசை வெளியே என்பது இதற்கு ஒத்துவரும் அமைப்பு.

ஆனால் கேபினட்டோடு ஒரு ஃபேன்கூட வராது. முன்பக்கக் கண்ணாடியில் காற்று நுழைய வழியும் இல்லை, பின்னால் ஃபேன் மாட்டும் இடமும் இல்லை. ஃபேன் வாங்காமல் இதை வாங்குவது மீன் தொட்டிக்குள் அடுப்பு வைத்த கதைதான். குறைந்தது அடியில் மூன்று, மேலே இரண்டு. அதற்குக் கீழே இறங்குவதாக இருந்தால் 4000டியே மேல்.

இன்னொரு சிக்கல் இடம். எஸ்எம்பிஎஸ்ஸும் பக்க ஃபேன்களும் வலப்பக்கக் கதவு வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. கண்ணாடி இடப்பக்கம் என்பதால், அதைக் காட்டும்படி வைத்து வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. ஐந்து செ.மீ.யாவது விட்டு வையுங்கள். கை நுழைந்தால் காற்றும் நுழையும். அடி ஃபேன்களுக்கும் அதே சட்டம்தான், கம்பளத்தின் மேல் வைத்தால் மூன்றும் வெறுமனே சுற்றும்.

ஃபிராக்டல் டோரண்ட்: பழைய இடம், புதிய காரணம்

இருபது வருஷத்துக்கு முன்னால் பெரும்பாலான கேபினட்களில் எஸ்எம்பிஎஸ் உச்சியில்தான் இருந்தது. 1995-இல் இன்டெல் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட் அளவுகளை வகுக்கும் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபோது, எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து பிராசஸர் மேல் ஊத வேண்டும் என்பதுதான் முதல் எண்ணம். எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்தச் சூட்டைச் சுமந்த காற்றை பிராசஸருக்கு ஊட்டுவதில் என்ன லாபம் என்று சீக்கிரமே புரிந்துபோய், திசையை மாற்றி வெளியே தள்ள வைத்தார்கள். அதிலிருந்து பல வருஷம் கேபினட்டின் சூட்டை வெளியேற்றும் வேலையையும் எஸ்எம்பிஎஸ்ஸே சுமந்தது. மொத்தமும் 150 வாட் தின்னும் காலத்தில் அது நடந்தது. 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080, 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கிராஃபிக்ஸ் கார்டுகளின் காலத்தில் நடக்காது. அதனால்தான் எஸ்எம்பிஎஸ் அடிக்கு இறங்கி, தனக்கென்று காற்றுப்பாதை வைத்துக்கொண்டது.

டோரண்ட் அதை மறுபடி மேலே ஏற்றியிருக்கிறது. காரணம் ஓ11-இன் காரணமேதான்: அடியை விடுவிப்பது. முன்னால் இரண்டு 180 மிமீ ஃபேன், ஒவ்வொன்றும் 38 மிமீ தடிமன். அடியில் மூன்று 140 மிமீ. ஐந்தும் கேபினட்டோடே வருகின்றன, ஐந்தும் உள்ளே இழுப்பவை. வெளியே தள்ள ஒரு ஃபேன்கூடத் தருவதில்லை, தேவையும் இல்லை. இவ்வளவு காற்றை உள்ளே திணித்தால் அது பின்பக்க வலை வழியாகத் தானே பிதுங்கி வெளியேறும். உள்ளே அழுத்தம் கூடுதல் என்பதால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் வரும், தூசி உள்ளே வராது. 4000டியில் சொன்ன சாம்பல் கோடு இதில் விழாது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது நல்ல இடமா? பொதுவாக மேலே வைப்பதில் உள்ள அபாயம், கார்டையும் பிராசஸரையும் கடந்து வந்த காற்றைக் குடிக்க வேண்டியிருப்பது. மேலே சொன்ன 45 டிகிரி கணக்கு இங்கேதான் பொருந்த வேண்டும். ஆனால் காற்றின் அளவு இரட்டிப்பானால் உள்ளே ஏறும் வெப்பம் பாதியாகும் என்பதும் அதே கணக்குத்தான். இத்தனை பெரிய ஃபேன்கள் ஓடும்போது உள்காற்றே அறையைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஆகவே எஸ்எம்பிஎஸ் கீழ்நோக்கி உள்காற்றையே இழுத்தாலும் பெரிதாக இழப்பில்லை. முன் ஃபேன்களை மிக மெதுவாக வைத்துச் சத்தமில்லாமல் ஓட்ட நினைப்பவர்களுக்கு மட்டும் இந்த வாதம் நொண்டும். அப்போது எஸ்எம்பிஎஸ்தான் முதலில் சத்தம் போடும்.

விலையாகக் கொடுப்பது கூரையை. லிக்விட் கூலரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரை மேலே மாட்டவே முடியாது. பிராசஸருக்கு லிக்விட் கூலர் வைத்தே தீருவேன் என்பவர்கள் முன்னாலோ அடியிலோதான் வைக்க வேண்டும், அங்கே வைத்தால் இந்தக் கேபினட்டின் சிறப்பே போய்விடும். பெரிய ஏர் கூலர் வைப்பவர்களுக்கானது இது. 544 x 242 x 530 மிமீ என்பதால் மேசையில் நிறைய இடம் கேட்கும். ஒரு சின்ன ஆதாயம்: பிராசஸருக்குப் போகும் 8 பின் கேபிள் மதர்போர்டின் மேல் மூலைக்குத்தான் போக வேண்டும், எஸ்எம்பிஎஸ் பக்கத்திலேயே இருப்பதால் எந்த நீளமும் எட்டும். அடியில் எஸ்எம்பிஎஸ் உள்ள கேபினட்டில் அதே கேபிள் தகட்டுக்குப் பின்னால் முழு உயரமும் ஏற வேண்டும். 60 செ.மீ.க்குக் குறைந்த கேபிள் உள்ள மலிவு யூனிட்கள் அங்கே விறைப்பாக இழுபட்டு நிற்கும்.

மாட்டும்போது

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்முகத்தில் நான்கு திருகுத் துளைகள். அவை சரிசமமான செவ்வகமாக இல்லை, ஒரு மூலைத் துளை மட்டும் தள்ளி இருக்கும். தலைகீழாகப் போட்டால் பொருந்துமா பொருந்தாதா என்பது கேபினட்டில் இரண்டு விதத் துளையும் போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. மூன்று துளை பொருந்தி ஒன்று பொருந்தவில்லை என்றால் நீங்கள் தப்பான பக்கம் வைத்திருக்கிறீர்கள், துளையைக் கம்பியால் அகலப்படுத்த வேண்டாம். திருகு தடித்த மரையுள்ள 6-32 வகை. எஸ்எஸ்டிக்கு வரும் மெல்லிய மரை எம்3 திருகு இதில் ஆடும். நான்கையும் பாதி முடுக்கிய பிறகே ஒவ்வொன்றாக இறுக்குங்கள். முதலாவதை முழுதாக இறுக்கிவிட்டால் மற்ற மூன்றும் அடம் பிடிக்கும்.

லேபிள் தலைகீழாகத் தெரிகிறதே என்று சிலர் யூனிட்டைத் திருப்பிப் போடுகிறார்கள். கண்ணாடி வழியே அழகாகத் தெரிய வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் எழுத்துக்காக மூச்சை அடைக்கக் கூடாது. அடியில் துளையே இல்லாத பழைய கேபினட்டில் மேலே பார்க்க வைத்தவர்கள், உள்ளே திருகு தவறி விழுந்தால் அதைக் கண்டெடுக்கும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஃபேன் வலை வழியாக ஒரு 6-32 திருகு சுலபமாக உள்ளே போகும். உள்ளே முதன்மைக் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் வரை தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆகவே எடுக்கிறேன் என்று யூனிட்டைப் பிரிக்கவும் கூடாது. கவிழ்த்துக் குலுக்குங்கள், வராவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, டிஷ்யூ காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து எஸ்எம்பிஎஸ் ஃபில்டரின் விளிம்பில் பிடியுங்கள். ஃபேன் சுற்றும்போது காகிதம் ஒட்டிக்கொண்டால் காற்று போகிறது. சும்மா ஆடினால் ஃபில்டர் அடைந்திருக்கிறது, அல்லது அடியில் இடைவெளி போதவில்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பிடித்தால் எது என்று தெரிந்துவிடும். பின்பக்கம் கையை வைத்தால் இளஞ்சூடான காற்று மெல்ல வர வேண்டும். சுடச்சுட வந்தால் உள்ளே எடுக்கும் வழியில் அடைப்பு.

அடைப்பு முற்றினால் வரும் அறிகுறி இது: கேம் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், திடீரென்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மொத்தமும் அணையும், உடனே பொத்தானை அழுத்தினால் எழாது, பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காதது போல எழும். எஸ்எம்பிஎஸ் சூட்டுப் பாதுகாப்பில் போய் நிற்கிறது. புது யூனிட்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் அடி ஃபில்டரை இழுத்துப் பாருங்கள்.

ஃபில்டரைத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினால் போதும். தரையில் இருக்கும் கேபினட்டுக்கு மாதம் ஒருமுறை, மேசை மேல் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எஸ்எம்பிஎஸ் ஃபேனில் படிந்ததை ஊதும்போது ஒரு குச்சியை வலைக்குள் விட்டு இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.